ஜானர், வகைமை, ரகம்: சொல் விளக்கம்

சினிமாவுக்குக் கதை எழுதுகிறேன் என்று யாராவது சொன்னால் முதலில் ஒன்லைன், அதாவது ஒரு வரியில் கதை, கேட்பார்கள். அடுத்த கேள்வி, ‘ஜானர் என்ன?’ திருத்தணியைத் தாண்டி ஆந்திரத்தின் நகரி, புத்தூர்ப் பக்கம் போனால் அதே கேள்வி ‘ஜோனர் ஏன்டி?’ என்று தெலுங்கில் வரும். தமிழில் ஜானர், ஜான்ரா, ழானர் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயரை ழாக் தெரிதா என்று எழுதிப் பழகிய சிறுபத்திரிகைக் கைதான் ழானர் என்றும் எழுதுகிறது. பிரெஞ்சு ஒலிக்கும் நம் ழகரத்துக்கும் உறவில்லை. போதாக்குறைக்கு, தமிழில் ழகரம் மொழிக்கு முதலில் வராது. எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் ஜானர் போதும்.

பார்ப்பவன் எதை நம்பி டிக்கெட் வாங்குகிறான் என்பதற்கு வைத்த பெயர்தான் ஜானர். பேய்ப்படம் என்றால் பயந்தாக வேண்டும். துப்பறியும் படம் என்றால் செய்தவன் யார் என்று கடைசியில் தெரிந்தாக வேண்டும். எழுதுகிறவன் இதை மீறலாம். மீறுகிறோம் என்று தெரிந்து மீறவேண்டும், அவ்வளவுதான்.

சொல்லின் பிறந்தவீடு லத்தீன். அங்கே ‘கெனுஸ்’ என்றால் பிறப்பு, குலம், இனம். அது பிரெஞ்சில் ஜானர் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆண்பால் பெண்பாலைக் குறிக்கும் ஜெண்டரும், மருந்துக்கடையில் கேட்கிற ஜெனரிக்கும் அதே குடும்பம். இன்னும் பின்னால் போனால் சமஸ்கிருதத்தின் ஜன்மம், ஜனம், ஜாதி எல்லாம் அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து முளைத்தவை. ஆக, ‘உன் படம் என்ன ஜானர்?’ என்று கேட்பது, வேரைத் தோண்டிப் பார்த்தால், படத்திடம் ஜாதி கேட்பதுதான்.

எல்லைப்பக்கத்துக்காரர்களுக்கு இந்த வேர் வேறொரு வாசல் வழியாக முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது. தெலுங்குப் படங்களை அந்தக் காலத்தில் பௌராணிகம், ஜானபதம், சாரித்ரகம், சாங்கிகம் என்று பிரித்தார்கள். நாட்டுப்புறத்தைக் குறிக்கும் ஜனபதத்திலிருந்து வந்தது ஜானபதம். அதன் தலையில் இருப்பதும் அதே ‘ஜன’. ஒரே விஜயா நிறுவனம் 1951இல் எடுத்த பாதாள பைரவி ஜானபதம், 1955இல் எடுத்த மிஸ்ஸம்மா சாங்கிகம், 1957இல் எடுத்த மாயாபஜார் பௌராணிகம். மூன்றும் தமிழிலும் வந்தன. தமிழில் புராணப் படம், சரித்திரப் படம், சமூகப் படம் என்று மூன்றுக்கு நேர்ச்சொல் உண்டு. ஜானபதத்துக்கு மட்டும் நாம் ஒரு பெயரில் நிற்கவில்லை: மாயாஜாலப் படம் என்றோம், ராஜா ராணிப் படம் என்றோம்.

ஏகாம்பரகுப்பத்து டீக்கடைப் பெஞ்சில் ஒருநாள் குறும்படம் எடுக்கிற பையன் ஒருவன் கதை சொன்னான். விசைத்தறி முதலாளியின் கணக்கு நோட்டு ஜாத்திரை ராத்திரியில் காணாமல் போகிறது. எடுத்தவன் யார் என்பது கடைசிக் காட்சியில் தெரிகிறது. “ஜானர் த்ரில்லர்ணா” என்றான். டென்ட் கொட்டகை நாளிலிருந்து ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “இன்னா நைனா, ஜானபதமா சாங்கிகமா, அத்த சொல்லு மொதல்ல” என்றார்.

பெரியவர் கேட்டது பழைய பிரிவு. ஆனால் பையன் சொன்னதும் சரியில்லை. எடுத்தவன் யார் என்பதைக் கடைசிவரை ஒளித்தால் அது மர்மக் கதை. நோட்டை எடுத்தவன் முதலாளியின் மச்சான்தான் என்று முதல் காட்சியிலேயே காட்டிவிட்டு, அதே மச்சானோடு முதலாளி பைக்கில் ஏறி ஊருக்கு வெளியே போவதைக் காட்டினால், அதுதான் த்ரில்லர். முன்னதில் பார்ப்பவனுக்கு நடந்தது தெரியாது. பின்னதில் நடக்கப்போவதை நினைத்து அடிவயிறு கலங்கும்.

த்ரில் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் துளைத்தல் என்று பொருள். ஹாரர் லத்தீனில் மயிர் குத்திட்டு நிற்பது. நம் மயிர்க்கூச்செறிதல் அச்சாக அதே உடம்பைத்தான் சொல்கிறது. தமிழில் இரண்டுக்குமே ‘திகில்’ என்று போட்டுவிடுகிறோம். ஹாரருக்குத் திகிலை விட்டுக்கொடுத்து, த்ரில்லருக்குப் பரபரப்புப் படம் என்று சொல்வதே என் வழக்கம். மெலோடிராமா என்பது கிரேக்க வேர்களின்படி பாட்டோடு கூடிய நாடகம் என்பதோடு அதை விட்டுவிடலாம். அந்தக் கணக்கில் நம் படங்கள் பெரும்பாலானவை அதுதான்.

ஜானருக்குத் தமிழ் என்ன? வகை என்பது மிகப் பொதுவான சொல். மாம்பழத்திலும் வகை உண்டு. இனம் என்றால் யாப்பில் பாவினம் உண்டு, உயிரியலில் பேரினம் உண்டு. ஆனால் இன்றைய காதில் அது அரசியலாக விழுகிறது. ரகம், இந்துஸ்தானி வழியாக வந்த அரபுச் சொல். நகரித் தறிக்காரர்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றுபோலப் புழங்குவது. ‘அது வேற ரகம் படம்’ என்று பேச்சில் சொல்ல அதைவிட நல்ல சொல் இல்லை. எழுத்துக்கு, தமிழ்த்துறைகளில் இலக்கிய வகைமை என்று ஏற்கெனவே நிலைபெற்ற வகைமையே பொருந்தும். அதன் வேர் ‘வகு’. வகுப்பும், தலைமுடியில் எடுக்கிற வகிடும் அதன் உறவு. லத்தீன் சொல் பிறப்பைச் சொல்கிறது. தமிழ்ச் சொல் பிரிப்பதைச் சொல்கிறது. கோட்டை எங்கே போடுவது என்று தீர்மானிக்க வேண்டிய கதாசிரியனுக்குப் பின்னதுதான் கை கொடுக்கும்.

வகைமையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று கதைப்போக்கு. ஜார்ஜ் போல்ட்டி என்ற பிரெஞ்சுக்காரர் 1895இல் நாடகச் சூழல்கள் மொத்தமே 36தான் என்று எண்ணிக் கொடுத்தார். ஹாலிவுட் திரைக்கதையாளர் பிளேக் ஸ்னைடர் 2005இல் 10 என்று சுருக்கினார். இவை எண்ணுவது கதை ஓடும் தடத்தை. வகைமை, கதை ஓடுகிற மண்ணையும் பொழுதையும் சேர்த்துச் சொல்வது. இதைத் தமிழன் யாரிடமும் போய்ப் படிக்கத் தேவையில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே இருக்கிற தெய்வம், விலங்கு, தொழில் கருப்பொருள், அதற்கேற்ற உணர்ச்சி உரிப்பொருள் என்று தொல்காப்பியம் திணையை வைத்தது வகைமையின் இலக்கணமேதான். புறத்திணையில் ஆநிரை கவர்ந்தால் வெட்சி, படையெடுத்தால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, வென்றால் வாகை. போர்ப்படம் எழுதுகிறவனுக்குக் காட்சி வரிசையே போட்டுக் கொடுத்த மாதிரி.

சந்தேகம் இருந்தால், ஊர்க் கோஷ்டிகள் வெட்டிக்கொள்ளும் தெலுங்கின் ஃபேக்‌ஷன் படத்தைத் திணைக்கணக்கில் வைத்துப் பாருங்கள். நிலம் ராயலசீமை. சித்தூரும் அதில் சேர்த்திதான், ஆனாலும் கதைகள் பெரும்பாலும் கடப்பா, கர்னூல் பக்கத்தவை. கருப்பொருள் வெள்ளை வேட்டி சட்டை, புழுதி கிளப்பி வரிசையாக வரும் டாடா சுமோ, நாட்டு வெடிகுண்டு. உரிப்பொருள் தலைமுறைப் பகை. 1999இல் சமரசிம்ம ரெட்டி படம் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு இந்த ரகம் வரிசைகட்டி வந்தது. எங்கோ அடங்கி ஒடுங்கி வாழ்கிறவன் சொந்த மண்ணில் யாராக இருந்தான் என்று பிளாஷ்பேக்கில் தெரிவது இவற்றின் வழக்கமான முடிச்சு. அதே முடிச்சு 1995இல் பாட்ஷாவில் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிற மாணிக்கத்தின் பழைய மண் பம்பாய். கதைப்போக்கு ஒன்று, வகைமை வேறு.

ஃபேக்‌ஷன் படத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிச் சிலர் குழுப்பகைப் படம் என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. குழுப்பகை மதுரையிலும் உண்டு, அங்கே அது அரிவாள் படமாகிவிடும். ராயலசீமை மண்ணோடு ஒட்டிய பெயரை அப்படியே எடுத்துக்கொண்டு, கதைச்சுருக்கத்தில் ‘வகைமை: ஃபேக்‌ஷன்’ என்று எழுதினாலே போதும், நகரியிலும் திருத்தணியிலும் அதற்கு யாரும் விளக்கம் கேட்கப்போவதில்லை.