ஆறு பேர் லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சர் ஏறாது

போன வாரம் மட்டும் லிஃப்ட் போடுவது பற்றிக் கேட்டு எனக்கு மூன்று கட்டிட வரைபடங்கள் வந்தன. மூன்றிலும் லிஃப்ட்டுக்கு விட்ட இடம் ஐந்துக்கு ஐந்து அடி. கடைசியாக அனுப்பியவர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சார், சின்ன குடும்பம்தான், ஆறு பேர் லிஃப்ட் போதும்." சரி, இதற்கு மேல் தாங்காது, எழுதிவிடுகிறேன்.

ஆறு பேர் என்பது எடைக் கணக்கு, இடக் கணக்கு இல்லை. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு 2016, ஆளுக்கு 68 கிலோ என்று வைத்துக்கொள்கிறது. ஆறு பேருக்கு 408 கிலோ. கேபினுக்குள் ஒட்டியிருக்கும் தகடு அவ்வளவுதான் சொல்கிறது. சக்கர நாற்காலி போகுமா, பீரோ ஏறுமா என்பதெல்லாம் அதில் இல்லை. நம் ஊரில் பல வருடங்களாகப் புழங்கும், லிஃப்ட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 14665-இன் அட்டவணைப்படி ஆறு பேர் கேபினின் உள்ளளவு 1100 மி.மீ. அகலம், 1000 மி.மீ. ஆழம். கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஆறு பேர் ஒன்றாக ஏறிப் பாருங்கள். நாலாவது ஆளோடு பட்டுப்புடவை கசங்க ஆரம்பித்துவிடும்.

அதைவிட என்னைக் கடுப்பேற்றுவது, லிஃப்ட்டுக்கு விட்ட இடத்தையே லிஃப்ட்டின் அளவாக நினைப்பது. ஐந்தடி விட்டால் ஐந்தடிக் கேபின் வருமாம்! கேபின் ஓடும் தண்டவாளமான கைட் ரெயில், கேபினைச் சமன்செய்யும் எடையான கவுண்டர்வெயிட், இரண்டு அடுக்குக் கதவு எல்லாம் எங்கே போகும்? அதே அட்டவணையில் அந்த 1100-க்கு 1000 கேபினுக்கு 1900-க்கு 1700 மி.மீ. இடம், அதாவது சுமார் ஆறேகால் அடிக்கு ஐந்தரை அடி, கேட்டிருக்கிறார்கள். மெஷின் ரூம் இல்லாத இன்றைய மாடல்களில் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், மந்திரம் போட மாட்டார்கள். போதாக்குறைக்கு மேஸ்திரி உட்சுவரில் பூச்சு வேறு பூசி இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடுவார்.

புறநகரில் ஓர் அடுக்ககம். நாலாவது மாடியில் ஒரு பாட்டி. இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறார், ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. ஸ்ட்ரெச்சர் ஆறடிக்கு மேல், கேபின் ஆழம் மூன்றேகால் அடி. பையன்கள் நேராக வைத்துப் பார்த்தார்கள், கோணலாகவும் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துப்பட்டாவால் கட்டி, நாலு பேர் படி வழியாகத் தூக்கிப் போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பாட்டி முனகியது கீழே வரைக்கும் கேட்டது. லிஃப்ட் அப்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பில்டரைக் கேட்டால், "லைசென்ஸ் இருக்கு சார்." இருக்கிறது, நானும் பார்த்தேன். லிஃப்ட் பாதுகாப்பாக ஓடும் என்பதற்குத்தான் அது. உங்கள் வீட்டுப் பாட்டிக்குப் போதுமா என்று எந்த ஆய்வாளரும் கேட்க மாட்டார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ 13 பேர் லிஃப்ட் போட்டுடலாம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த அட்டவணையின் 13 பேர் கேபின் 2000 மி.மீ. அகலம், 1100 ஆழம். சக்கர நாற்காலிக்கு ராஜ வசதி. ஸ்ட்ரெச்சரோ கதவு வழியாக நேராகத்தான் நுழையும். ஆழம் 1100 என்றால் அப்புறம் எங்கே திருப்புவது? உலகத் தரத்தில் ஸ்ட்ரெச்சருக்கென்று சொல்லப்படும் 1000 கிலோ கேபின் 1100 அகலம், 2100 ஆழம். ஆகவே ஆள் எண்ணிக்கையைச் சொல்லி விலை கேட்காதீர்கள். அகலம், ஆழம், கதவின் திறப்பு, மூன்றையும் மி.மீட்டரில் எழுதி வாங்குங்கள். இடமே இல்லையா? சக்கர நாற்காலிக்காவது 1100-க்கு 1400 கேபின், 800 மி.மீ. கதவு வருமா என்று பாருங்கள். உயரமான கட்டிடங்களில் தீயணைப்பு வீரர்களுக்கான லிஃப்ட்டுக்கு விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்சமே எட்டுப் பேர், 545 கிலோ. அங்கே பேரம் பேசாதீர்கள்.

லிஃப்ட்டுக்குக் கீழே தோண்டும் குழியான பிட்டை மறக்காதீர்கள். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குச் சுமார் ஐந்தடி ஆழம் வேண்டும். சென்னை மழைக்கு நீர்க்கசிவுத் தடுப்பு செய்யாமல் விட்டால் நவம்பரில் அது கிணறுதான். தண்ணீர்த் தொட்டியைப் பக்கத்துச் சுவரில் ஒட்ட வைக்காதீர்கள். லிஃப்ட் சுவருக்குள் குடிநீர்க் குழாய் ஓட்டுகிற புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மேல் மாடிக்கு மேலே தேவைப்படும் உயரத்தையும் கட்டிட அனுமதி வாங்கும் முன்பே கணக்கில் சேருங்கள். தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் 1997-இன்படி, நிறுவும் முன் அனுமதி, ஓட்டும் முன் உரிமம். மாட்டி முடித்துவிட்டு ஓடி வராதீர்கள்.

ஐந்துக்கு ஐந்து அனுப்பியவருக்கு அன்றே போன் செய்தேன். இன்னும் அஸ்திவாரம் தோண்டவில்லையாம். பக்கத்திலிருந்த ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டடி எடுக்கச் சொன்னேன். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்றார். அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். எழுபத்தொன்று.