போல்ட் சிக்குகிறதா? எண்ணெய்க் குப்பியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பழைய வேட்டை ரைஃபிளை என் பட்டறைக்குக் கொண்டு வருவோர் பெரும்பாலும் சொல்லும் முதல் வாக்கியம், "போல்ட் இறுகுகிறது, எண்ணெய் விட்டும் சரியாகவில்லை" என்பதுதான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும், கைப்பிடி வைத்த இரும்பு உருளைதான் போல்ட். எந்த இடத்தில் இறுகுகிறது, காலியாக இருக்கும்போதா அல்லது சுட்ட பிறகா என்று நான் திருப்பிக் கேட்டால், பலரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. பழுதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

தம் தந்தையின் ரைஃபிளை ஒருவர் கொண்டு வந்திருந்தார். போல்ட் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் மரச்சுத்தியலால் தட்டிய தடங்கள் இருந்தன. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடி மேலெழ மறுத்ததால், தட்டித் திறந்து வந்ததாகச் சொன்னார். சுட்டபின் மிஞ்சிய தோட்டாக் கூடுகளில் சிலவற்றை அவர் பையிலேயே வைத்திருந்தது நல்லதாயிற்று. கூட்டின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்கள் விளிம்பு தெரியாமல் தட்டையாகியிருந்தன. கூட்டின் அடித்தட்டில் காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் பதிந்த பளபளப்பான தடம் தெரிந்தது. இரண்டும் அளவுக்கு மீறிய அழுத்தத்தின் அடையாளங்கள். குழலுக்குள் மென்மையான ஈயத்துண்டைத் தட்டி இறக்கி அளந்தபோது காரணம் புரிந்தது. 1888-இல் ஜெர்மன் படைக்காக வந்த 8×57 தோட்டாவின் குண்டு சுமார் 8.08 மி.மீ. விட்டம் கொண்டது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பதிலாக வந்தது சுமார் 8.20 மி.மீ. குண்டு. பழைய குழலுக்கு 'ஜே' என்றும் புதியதற்கு 'ஜேஎஸ்' என்றும் பெயர். கூட்டின் வடிவம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் புதிய தோட்டா பழைய குழலின் பின்முனையில் தோட்டா அமரும் சேம்பருக்குள் தடையின்றி நுழைந்துவிடும். அவர் ஜே குழலில் ஜேஎஸ் தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடி எழ மறுத்தது ரைஃபிள் கொடுத்த எச்சரிக்கை. அதைத்தான் அவர் சுத்தியலால் அடக்கி வந்திருக்கிறார். அன்று முதல், சுட்ட பிறகு மட்டும் போல்ட் இறுகுகிறது என்று யார் சொன்னாலும், அந்த ரைஃபிளை இனிச் சுட வேண்டாம் என்பதையே முதலில் சொல்கிறேன்.

சோதனையைத் தொடங்கும் முன் தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மேகசின், சேம்பர் இரண்டும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். இயக்கிப் பார்ப்பதற்குப் போலித் தோட்டாவை மட்டுமே பயன்படுத்துங்கள். சுடப்படாத தோட்டாவோடு போல்ட் பூட்டிக்கொண்டு திறக்கவில்லை என்றால் கைப்பிடியைத் தட்டாதீர்கள், குழல்முனை வழியாகக் கம்பியை விட்டுத் தள்ளாதீர்கள், வண்டியில் ஏற்றிக்கொண்டும் வராதீர்கள். குழல்முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்துவிட்டு, துப்பாக்கி பழுதுபார்ப்பவரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

ரைஃபிள் காலியாக இருக்கும்போது சிக்கினால், முதலில் இயல்பான எதிர்ப்பையும் பழுதையும் பிரித்தறிய வேண்டும். 1898-ஆம் ஆண்டின் மவுசர் வகையில், கைப்பிடியை உயர்த்தும்போதே பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் சுருள்வில் அழுத்தப்படுகிறது. அதனால் டிரிக்கரை இழுத்த பிறகு கைப்பிடி கனமாக எழுவது இயற்கை. லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் அந்த வேலை போல்ட்டை முன்னே தள்ளும் கடைசிப் பகுதியில் நடப்பதால், எதிர்ப்பு அங்கே தெரியும். மவுசர் வகையைச் சோதிக்க எளிய வழி உண்டு. போல்ட்டை மூடி, டிரிக்கரை இழுக்காமல் மீண்டும் திறந்து பாருங்கள். இப்போது லேசாக எழுந்தால், எதிர்ப்பு சுருள்வில்லிலிருந்தோ அதை அழுத்தும் சாய்வுப் பரப்பிலிருந்தோ வருகிறது. அப்போதும் இறுகினால் போல்ட்டின் முனையில் உள்ள பூட்டுப் பற்களையும் அவை சுழலும் பள்ளங்களையும் சந்தேகிக்க வேண்டும். பற்களின் பின்புறப் பரப்பு, உலர்ந்த உலோகம் உலோகத்தோடு தேய்ந்து உரிந்துபோயிருக்கலாம். அங்கே ஒரு பொட்டளவு கிரீஸ் எப்போதும் இருக்க வேண்டும். அந்தப் பரப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மட்டும் கூடாது. அங்கே இழக்கும் ஒவ்வொரு துளி உலோகமும் ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவைத் தாங்கும் சேம்பர் பகுதிக்கும் உள்ள இடைவெளியை, கூட்டும்.

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ரைஃபிளில் காரணம் பெரும்பாலும் பழைய எண்ணெய்தான். அது காற்றுப்பட்டுக் கெட்டியாகி வார்னிஷ் போல் ஒட்டிக்கொள்ளும்; போல்ட்டின் உட்குழிக்குள்ளும் அப்படியே. அதன்மேல் புது எண்ணெய் விட்டால் ஒரு நாள் வழுக்கும், மறுவாரம் பழையபடி ஆகிவிடும். போல்ட்டைப் பிரித்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மெல்லிய படலமாக மட்டும் எண்ணெய் தடவுவதே சரியான முறை.

திருகாணிகளை யாரும் சந்தேகிப்பதில்லை. எனக்கோ அவற்றைப் பார்க்காமல் மனம் அமைவதில்லை. பின்னாளில் ஸ்கோப் பொருத்தியபோது, அதன் அடித்தளத்துக்குப் போட்ட திருகாணி ஒரு சுற்று நீளமாக இருந்தால், நுனி, போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவருக்குள் நீட்டிக்கொண்டு போல்ட்டின் உடலையோ பற்களையோ உரசும். திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். ரைஃபிள் பொருந்தியிருக்கும் மரக்கட்டையும் ஈரத்தில் உப்பிவிடும். அப்போது கைப்பிடி இறங்கும் பள்ளம் இடுங்கி, போல்ட் முழுவதும் மூடாமல் நிற்கும். அடிப்பக்கத் திருகாணிகளை அளவுக்கு மீறி இறுக்கினாலோ, மேகசின் பெட்டி ரிசீவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே நெருக்குண்டாலோ, ரிசீவரே நூலளவு வளைந்து போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். கட்டையிலிருந்து கழற்றியதும் போல்ட் தடையின்றி ஓடினால், பழுது இரும்பில் இல்லை என்று அறியலாம்.

இனி சுட்ட பிறகு மட்டும் சிக்கும் வகை. வெடிக்கும் கணத்தில் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரை அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி விடுபடுகிறது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் அந்த விடுதலை கிடைப்பதில்லை. பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகப் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைக் குழிகுழியாக அரித்துவிடும். உப்பு நீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே இத்தகைய தோட்டாவைச் சுட்டவர் முதலில் வெந்நீர் விட்டுக் கழுவி, நன்கு உலர்த்திய பிறகே எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெயால் மட்டும் துடைத்து உறையிலிட்ட ரைஃபிள்கள்தான் அரித்துப்போன சேம்பரோடு என்னிடம் வருகின்றன.

இங்கே மிகுந்த கவலையோடு ஒன்றைச் சொல்கிறேன். கூடு ஒட்டுகிறது என்பதற்காகச் சேம்பருக்குள் எண்ணெயோ கிரீஸோ பூசிச் சுடாதீர்கள். கூடு சுவரைப் பிடித்துக்கொள்வதால்தான் பின்னோக்கிய உதைப்பின் ஒரு பகுதியைச் சேம்பர் தாங்குகிறது. அந்தப் பிடிப்பு போனால் முழுச்சுமையும் போல்ட்டின் முகத்திலும், பல பத்தாண்டுகள் உழைத்த பூட்டுப் பற்களிலும் விழும். சுடுவதற்கு முன் சேம்பர் துடைத்து உலர்ந்திருக்க வேண்டும்.

கூடுகளை மீண்டும் நிரப்பிச் சுடுவோர் நீளத்தையும் அளக்க வேண்டும். .30-06 வகைத் தோட்டாவின் கூட்டுக்கு உச்ச நீளம் 63.35 மி.மீ.; அதற்கு மேல் வளர்ந்த கூட்டின் கழுத்து சேம்பர் முனையில் நெருக்குண்டு குண்டை விடாமல் பிடிக்கும்போது அழுத்தம் எகிறும். கூட்டின் அடிக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், கூடு அங்கே இழுபட்டு மெலிந்து அறுபடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு ஹெட்ஸ்பேஸ் மிகுதி காரணமாக இருக்கலாம். கோ (போல்ட் மூட வேண்டியது), நோ-கோ (மூடக் கூடாதது) என்ற அளவுகோல்களை இட்டுத்தான் அதை உறுதி செய்ய முடியும். லீ என்ஃபீல்ட் நான்காம் எண் ரைஃபிளில் இதற்காகவே 0 முதல் 3 வரை எண்ணிட்ட போல்ட் தலைகள் இருந்தன. போல்ட்டில் உள்ள தொடர் எண்ணும் ரிசீவரில் உள்ள தொடர் எண்ணும் பொருந்தாத ரைஃபிளை வாங்கியவர், சிக்கல் எதுவும் தென்படாவிட்டாலும் இந்த அளவைப் பார்த்துவிட வேண்டும்.

பழுதுபார்ப்பவரிடம் ரைஃபிளைக் கொண்டு வரும்போது, அதைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். சிக்கிய நாளில் சுட்ட கூடுகளையும், அந்தத் தோட்டாக்கள் இருந்த அட்டைப்பெட்டியையும், எத்தனையாவது தோட்டாவில் இறுக்கம் தொடங்கியது என்ற குறிப்பையும் ஒரு பையில் போட்டுத் தனியே எடுத்து வாருங்கள்.