தெர்மே: ரோமானியரின் வெந்நீராட்டகம்

ரோம் நகரில் பேரரசன் காரகல்லாவின் பெயரோடு நிற்கும் மாபெரும் இடிபாட்டை இத்தாலியர் 'தெர்மே தி காரகல்லா' என்கிறார்கள். இதைக் 'காரகல்லா குளியலறை' என்று தமிழில் எழுதினால் பொருள் சுருங்கிவிடும். குளியலறை என்றதும் ஒரு வாளி, ஒரு குவளை, தாழிட்ட கதவு என்றுதான் மனம் போகும். கி.பி. 216இல் திறக்கப்பட்ட இந்த வளாகத்திலோ திறந்தவெளி நீச்சல் குளம், உடற்பயிற்சித் திடல்கள், தோட்டம், நூலகம் எல்லாம் இருந்தன. ஊரே கூடிப் பொழுது போக்கிய இடம் அது.

தெர்மே இலத்தீன் சொல், பன்மை வடிவம். 'வெப்பமான' என்று பொருள்படும் 'தெர்மோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தெர்மாமீட்டரிலும் தெர்மாஸ் குடுவையிலும் இருப்பது இதே வேர்தான். தமிழில் இதற்கு நேராக நிற்பது வெம்மை. அது நீரோடு சேர்ந்தால் வெந்நீர். சிறிய குளிப்பிடங்களுக்கு ரோமானியர் 'பால்னியம்' என்று வேறு சொல் வைத்திருந்தார்கள். தெர்மே என்பது பெரும்பாலும் பெரிய பொது வளாகங்களையே குறித்தது.

அந்த வெம்மைக்குக் காரணம் 'ஹைப்போகாஸ்ட்'. கிரேக்க வேர்ப்படி 'கீழே எரிவது'. இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள ரோமானிய வெந்நீராட்டக இடிபாட்டில் இதை மிக அருகில் பார்க்கலாம். நடக்கும் தரை போய்விட்ட அறைகளில், சதுரச் சுட்ட ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய குட்டைத் தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இந்தத் தூண்கள்தான் தளத்தைத் தாங்கின. பக்கத்து உலையில் விறகு எரிய, அனல் தூண்களுக்கிடையே புகுந்து பரவி, சுவரில் பதித்த உள்ளீடற்ற ஓடுகளின் வழியே மேலேறும். தரையும் சுவரும் சேர்ந்தே சூடாகும். காரகல்லாவில் இந்த உலைகளுக்கு விறகு கொண்டுபோகவே நிலத்தடியில் சுரங்கப் பாதைகள் வெட்டியிருந்தார்கள். இடிபாடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் உயர்ந்த சுவர்களை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. குனிந்து தரையையும் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஹைப்போகாஸ்டை 'அடியனல் தளம்' எனலாம்.

வழிகாட்டிப் பலகைகளில் வரும் மற்றப் பெயர்கள் எளியவை. கால்டேரியம் வெந்நீர் அறை, டெபிடேரியம் வெதுவெதுப்பு அறை, ஃப்ரிஜிடேரியம் குளிர்நீர் அறை. உடை களையும் அறை அபோடிடேரியம்.

முழு வளாகத்துக்கும் 'வெந்நீராட்டகம்' என்பதே என் தேர்வு. 'குளியல் மண்டபம்' என்றால் ஒரே கூடம்தான் நினைவுக்கு வரும். 'பொதுக் குளிப்பிடம்' ஆற்றங்கரைப் படித்துறைக்கும் பொருந்திவிடும். நீராட்டு என்பதில் குளிப்பும் இருக்கிறது, அதற்குரிய ஏற்பாடும் சடங்கும் இருக்கின்றன. அகம் என்பது கட்டடத்தைக் காட்டுகிறது. குளிர்ந்த நீரும் அங்கே இருந்ததே என்று கேட்கலாம். பெயர் வைத்த ரோமானியரே வெம்மையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். நாமும் அப்படியே செய்யலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பாத் நகரின் பெரிய குளத்தைச் சூடாக்க உலை தேவைப்படவில்லை. நிலத்துக்கடியிலிருந்து சுமார் 46 பாகை செல்சியசில் இன்றும் பொங்கி வரும் நீர் அது. கட்டடம் வெந்நீராட்டகம்தான், ஆனால் அந்த நீருக்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது: வெந்நீரூற்று.