இப்போதுதான் வேலை பார்த்த என்ஜின், ஏன் மறுபடியும் அடிக்கிறது?

ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரைச் சுற்றி எத்தனையோ வீடுகளுக்குள் புகுந்தது. வாசலில் நின்ற கார்களும் தப்பவில்லை. அவற்றில் பல வண்டிகளுக்கு என்ஜினை இறக்கி வேலை பார்த்தார்கள். சில மாதம் கழித்து அவற்றில் சில எங்கள் பட்டறைக்கு வந்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இப்பதான் சார் என்ஜின் வேலை பாத்தோம், மறுபடியும் உள்ள ஏதோ அடிக்குது."

அடிக்கிறது என்றாலே பேரிங் (சுற்றும் தண்டைத் தாங்கும் வளைந்த தகடு) போய்விட்டது என்று முடிவு கட்டி, அன்றைக்கே என்ஜினை இறக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், டென்ஷனர் புல்லி ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். (டைமிங் பெல்ட்டைச் சொல்லவில்லை, வெளியே ஓடும் பெல்ட்டை மட்டும்.) பிளைவீல் (என்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) போல்ட் தளர்ந்திருந்தாலும் உள்ளே ராடு (பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டோடு இணைப்பது) அடிப்பது போலவே கேட்கும். மேனிபோல்டு கேஸ்கட் லீக் டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தத்தைப் போல டிக் டிக் என்று ஏமாற்றும்.

உள்ளிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அடித்து, சூடு ஏற ஏறக் குறைந்தால் பெரும்பாலும் பிஸ்டன் போரில் (அது ஏறி இறங்கும் சிலிண்டர் துளையில்) ஆடுகிறது. பிஸ்டன் விரிந்ததும் இடைவெளி குறைவதால் சத்தம் அடங்குகிறது. பேரிங் இதற்கு நேர்மாறு. ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் அது வாய் திறக்கும். ராடு கிராங்கோடு சேரும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் சத்தம் கூர்மையாக இருக்கும். ஆக்சிலரேட்டரை 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் பிடித்து லேசாக விடும்போது பளிச்சென்று கேட்கும். கிராங்கையே பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் கீழேயிருந்து கனமாக, மலை ஏறும்போதோ முழு லோடு இழுக்கும்போதோ தொம் தொம் என்று வரும். டேப்பெட் சத்தம் மேலே கேட்கும், மெல்லியது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதன் தாளமும் பாதி.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் நிறுத்துவோம். நிறுத்திய சிலிண்டரில் சத்தம் சட்டென்று குறைந்தால் அந்த ராடுதான். பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்தி இதைச் செய்வது வழக்கம். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஸ்கேனரில் சிலிண்டரை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

நான் காதைவிட அதிகம் நம்புவது ஆயில் பிரஷர் கேஜை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஸ்விட்ச் மிகக் குறைந்த அழுத்தத்திலேயே விளக்கை அணைத்துவிடும். ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்க வேண்டும். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பட்டறைக் கணக்கு. உங்கள் வண்டியின் மேனுவல் சொல்லும் அளவே இறுதி. குளிரில் நன்றாகக் காட்டி, சூட்டில் ஐடிலில் சரிந்து விழுந்தால் பேரிங் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். பம்ப் தேய்ந்திருந்தாலோ ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்து வலை) அடைத்திருந்தாலோ இதேதான் நடக்கும். அதனால் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பைக் கழற்றாமல் தீர்ப்பு சொல்ல முடியாது.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வாடகைக்கு ஓடும் டீசல் கார் ஒன்று வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வேறு ஒரு பட்டறையில் வேலை பார்த்த வண்டி. கேஜ் குறைவாகக் காட்டியதைச் சொன்னதும் ஓட்டுகிற தம்பி கேட்டார்: "அண்ணே, கெட்டியான ஆயில் ஊத்தினா சரியாயிடும்னு சொல்றாங்களே? முகூர்த்த நாள் முடியுற வரைக்கும் ஓட்டிக்கிறேன்."

"சத்தம் குறையும் தம்பி. ஆனா ராடு உடைஞ்சு பிளாக்கை ஓட்டை போட்டுச்சுன்னா அப்புறம் பேரிங் செலவு இல்ல, என்ஜின் செலவு."

ஆயில் பில்டரை வெட்டி மடிப்பை விரித்துப் பார்த்தோம். மினுமினுவென்று துகள்கள். காந்தத்தில் ஒட்டவில்லை, அப்படியென்றால் இரும்பு இல்லை, பேரிங் மேல்பூச்சுதான். ஆனால் பேரிங்கைக் கழற்றியபோது தெரிந்தது அதைவிட முக்கியமானது. உட்புறம் முழுக்க வட்டமாகக் கீறல், இடையிடையே பதிந்த வண்டல். கிராங்கைக் கிரைண்டிங் செய்து, அது சிறுத்ததற்கு ஈடாக 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் பேரிங் போட்டிருந்தார்கள். அதில் குறை இல்லை. பிளாக்கின் ஆயில் பாதைகளில் முனையை மூடும் பிளக்கைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவவே இல்லை. ஆற்று மண்ணும் கிரைண்டிங் தூளும் உள்ளேயே இருந்து, ஸ்டார்ட் செய்ததும் ஆயிலோடு நேராகப் பேரிங்குக்குப் போயிருக்கின்றன. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சுமார் 0.03 முதல் 0.06 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் கனம்கூட இல்லை. அங்கே மணல் துகளுக்கு இடமே கிடையாது.

கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாமல் வரிசையாக வைத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். துடைத்து இழுத்தது போலப் பூச்சு நழுவியிருந்தால் ஆயில் பற்றாக்குறை. மேல் பாதியில் ஒரு ஓரமும் கீழ்ப் பாதியில் எதிர் ஓரமும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. வெள்ள வண்டியில் இதை முதலில் சந்தேகப்படுங்கள். தண்ணீர் அழுந்தாது, சிலிண்டருக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் ராடு வளைந்துவிடும். வளைந்த ராடில் புதுப் பேரிங் போட்டு என்ன பயன்? ராடு கேப்களை (ராடின் அடியில் பேரிங்கைப் பிடிக்கும் மூடிகளை) மாற்றி மாட்டுவதும், ஒருமுறை இழுத்து முறுக்கிய போல்ட்டையே திரும்பப் போடுவதும் இதே இடத்தில்தான் கொண்டுவந்து விடும். சம்புக்கு அள்ளிப் பூசிய சீலன்ட் பிதுங்கி ஸ்ட்ரெய்னரை அடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

என்ஜின் வேலைக்கு வண்டி கொடுக்கிறவர்கள் கிராங்க் ஜர்னல் (பேரிங் அமரும் வட்டப் பகுதி) அளவுகளை எழுதி வாங்குங்கள். பழைய பேரிங்குகளைத் திருப்பிக் கேளுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளை நிறுத்தி, பிரஷர் ஏறும் வரை விட்டு விட்டு ஸ்டார்ட்டரில் சுற்றினார்களா என்று விசாரியுங்கள். டெலிவரி எடுக்கும்போது சூடான என்ஜினில் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபப்பட மாட்டார். நாங்கள் 500 கிலோமீட்டருக்குள் முதல் ஆயிலை மாற்றி, பில்டரை வாடிக்கையாளர் எதிரிலேயே வெட்டிக் காட்டுகிறோம்.

அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கும் கடைசி சைஸையும் தாண்டிய கிராங்க் என்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. செலவுக்குப் பயந்து காயலான் கடையில் வாங்குவதானால், ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரில் இரண்டு திசையிலும் அளந்து, விரிசல் சோதனையும் செய்த பிறகு பணம் கொடுங்கள்.