பகிடிக்குத்தான் என்றாலும் சட்டம் அதைப் பகிடியாக எடுக்காது

முதலாம் வருடத்துக்கு வந்த பிள்ளை எப்படி உடுக்க வேண்டும், தலையை எப்படிப் பின்ன வேண்டும், எந்தப் பொடியனோடு கதைக்கலாம் என்று மூத்த வருடத்தார் கட்டளை போடுவதை 'வழமைதானே' என்று விட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் படித்தாலும் சரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்தாலும் சரி, உங்கள் பக்கம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிற்கிறது. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையையும் வேறு வன்முறைகளையும் தடைசெய்வது அது.

அடி விழுந்தால்தான் பகிடிவதை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. மாணவருக்கோ பணியாளருக்கோ உடற்காயம், உளக்காயம், மன வேதனை, பயம் இவற்றில் ஏதாவது ஒன்றை உண்டாக்கினாலே போதும். உண்டாக்கக்கூடிய செயலும் அதற்குள் வரும். எனக்கு இதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். ஒரு பெண் பிள்ளையை நடுவில் நிறுத்தி, அவள் உடம்பைப் பற்றி நாலு பேர் சிரிக்கக் கதைக்க, அவள் கொப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடுங்கி நிற்கிறாள் என்றால், அந்தப் பயத்தைச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. 'கை வைக்கவில்லையே' என்ற பேச்சு எடுபடாது. வளாகத்துக்கு வெளியே, வாடகை அறையில் நடந்தாலும் குற்றம்தான். முன்னின்று செய்தவர் மட்டுமல்ல, அதில் பங்குபற்றியவரும் குற்றவாளி.

பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை. அதன்போது பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ ஏற்படுத்தினால் 10 வருடம் வரை போகலாம். நட்டஈடும் கட்ட வேண்டி வரலாம். பகிடிவதை என்ற வட்டத்துக்குள் வராத பாலியல் தொந்தரவுக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு இருக்கிறது. சொல்லால் செய்தாலும் அதற்குள் அடங்கும். 5 வருடம் வரை சிறை.

ஆனால் மனம் நோகும் ஒவ்வொரு கதையும் பொலிஸுக்குப் போகிற விஷயம் இல்லை. 'பெட்டையளுக்கு ஏன் இந்தப் பாடம்' என்று குழுவேலையில் ஒருவன் சொன்னால், அதை அந்த இடத்திலேயே மறுக்கலாம். திரும்பத் திரும்ப நடந்தால் மாணவ ஆலோசகரிடமோ பீடாதிபதியிடமோ கொண்டுபோகலாம்.

நடந்த உடனே கோபமும் வெட்கமும் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் பட்ச்சின் வட்ஸ்அப் குழுவில் சண்டைக்கு இறங்க வேண்டாம். முகத்தைக் கழுவி, தண்ணீர் குடித்து, நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள். அப்புறம், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள். வெட்கத்தில் 'கூடாத வார்த்தை பேசினார்' என்று மட்டும் எழுதினால் முறைப்பாடு வலுவிழந்துவிடும். அந்த வார்த்தையின் வெட்கம் சொன்னவருக்கே உரியது. வந்த செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

முறைப்பாட்டை எழுத்தில் பல்கலைக்கழக நிர்வாகத்திடம் கொடுத்து, ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் நேரடியாக முறையிடலாம். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

பொடியன்களுக்கும் இதே சட்டம்தான். 'ஆம்பிளை அழுவானா' என்று வளர்ந்தவன் தனக்கு நடந்த அவமானத்தை வீட்டில்கூடச் சொல்லமாட்டான். அடக்கிய கோபத்தை அடுத்த வருடம் வருகிற தம்பி, தங்கச்சிமாரின் தலையில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், விரிவுரைக்குப் போகவே பயந்து கிடந்தால் 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம். அங்கே கதைக்க முறைப்பாடு எதுவும் கொடுத்திருக்கத் தேவையில்லை.