பஞ்சசீலம்: ஐவகைச் சீலமா, ஐந்நெறியா?

சீன வெளிநாட்டமைச்சர் யாராவது கொழும்புக்கு வந்துபோனால் செய்திகளில் ‘பஞ்சசீலக் கொள்கை’ தலைகாட்டும். நாடுகள் ஒன்றோடொன்று நடந்துகொள்ளும் முறைக்கான ஐந்து கோட்பாடுகள் அவை. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது மனப்பாடச் சொல். இதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதே கேள்வி.

பஞ்ச என்றால் ஐந்து, சீலம் என்றால் நல்லொழுக்கம். இரண்டும் வடசொற்கள். கொல்லாமை, களவாடாமை, பிறழ்ந்த காமம் நீக்கல், பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய பௌத்த நோன்புகள்தான் இதன் மூலப்பொருள். சிங்களத்தில் ‘பன்சில்’. தமிழுக்கும் இது புதிதல்ல. ‘ஐவகைச் சீலம்’ என்று மணிமேகலை அழகாகச் சொல்லிவிட்டது. அதில் வரும் மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்போர் இங்கே பலர்.

அரசியலுக்கு வருவோம். 1953 டிசெம்பர் 31இல் இந்தியத் தூதுக்குழுவைச் சந்தித்த சீனப் பிரதமர் சூ என்லாய் ஐந்து கோட்பாடுகளை முன்வைத்தார். 1954 ஏப்ரல் 29இல் பீக்கிங்கில் கைச்சாத்தான திபெத் வணிக உடன்படிக்கையின் முகவுரையில் அவை இடம்பெற்றன: ஆள்புல ஒருமைப்பாட்டையும் இறைமையையும் பரஸ்பரம் மதித்தல், பரஸ்பரம் ஆக்கிரமியாமை, உள்விவகாரங்களில் பரஸ்பரம் தலையிடாமை, சமத்துவமும் பரஸ்பர நன்மையும், சமாதான சகவாழ்வு. உடன்படிக்கை 1962 ஜூனில் காலாவதியானது. ஒக்டோபரில் இரு நாடுகளும் எல்லையில் சண்டையிட்டன. ஆனாலும் சீனா கோட்பாடுகளைக் கைவிடவில்லை. 1982 அரசியலமைப்பின் முகவுரையிலேயே எழுதிவைத்தது.

ஐந்தில் நாங்கள் கிட்டத்தில் பார்த்தது மூன்றாவதை, தலையிடாமையை. 1987 ஜூன் 3இல் போரில் சிக்கியிருந்த யாழ்ப்பாணத்துக்கு நிவாரணத்தோடு வந்த இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர்விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேலே வந்து உணவுப்பொதிகளைப் போட்டன. கொழும்புக்கு அது இறைமை மீறல், டில்லிக்கு மனிதாபிமானம். கீழே நின்ற சனத்துக்கு அரிசியும் பருப்பும். தலையிடாமை என்ற சொல் யார் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதற்குப் பொருள் வரும்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? ‘ஐந்தொழுக்கம்’ சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்குச் சரியில்லை. பன்சில் எடுப்பவர் அடுத்தவர் காக்கிறாரா என்று பார்த்துக் காப்பதில்லை. அது தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கட்டு. இராசதந்திரப் பட்டியலிலோ ஐந்தில் நான்கில் ‘பரஸ்பரம்’ நிற்கிறது: நீ காத்தால் நான் காப்பேன். சீனர்களும் சீலம் என்பதில்லை, ‘சமாதான சகவாழ்வின் ஐந்து கோட்பாடுகள்’ என்பதே அவர்கள் வழக்கு. சீலம் என்ற பெயரை உலகறியச் செய்தவர் நேரு.

ஆகவே ‘ஐந்நெறி’ என்பேன். ஐந்து, நெறி இரண்டும் சேர்ந்தால் நகரம் இரட்டிக்கும், ‘ஐநெறி’ பிழை. விரித்து எழுத இடமிருந்தால் சீனர்களின் தொடரே நல்லது. 1960களின் இடதுசாரி மேடைகளில் அடிபட்ட ‘சமாதான சகவாழ்வு’ இன்றும் விளங்கும். ‘பஞ்சசீலக் கொள்கை’யில் கொள்கை வேண்டாத வால். வெளிநாட்டுக் கொள்கை வேறு, அதற்கு அடியில் கிடக்கும் கோட்பாடு வேறு.

இந்தோனேசியாவின் ‘பஞ்சசீல’வை மட்டும் இதனோடு சேர்க்க வேண்டாம். 1945 ஜூன் 1இல் சுகர்ணோ அறிவித்த அது, ஓர் அரசின் உள்நாட்டு அடித்தளம், அயலுறவுக்கானதல்ல. அதைப் பெயர்ச்சொல்லாக அப்படியே விட்டுவிடலாம்.