ஆழ்கடல் இறால்: நிறத்தை விடுங்கள், இரண்டாம் வளையத்தைப் பாருங்கள்

ஆழ்கடலுக்குப் போன விசைப்படகு கொல்லம் சக்திகுளங்கரையிலோ தூத்துக்குடியிலோ வந்து கூடைகளைக் கவிழ்த்தால், கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரே சிவப்பு. ஏலத்துக்குப் பெரியது, சிறியது என்று பிரிப்பார்கள். பதிவேட்டில் ‘ஆழ்கடல் இறால்’ என்று ஒரே வரி விழும். அந்தக் குவியலில் நான்கு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்தாறு இனங்கள் கலந்திருப்பது சாதாரணம். அவற்றில் சில முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். சில, முட்டை பொரியும்வரை வயிற்றடியில் சுமந்து திரியும். விலையும் ஒன்றல்ல, உரித்தால் கிடைக்கும் சதையும் ஒன்றல்ல. கேரளக் கரையில் இந்த மீன்பிடிப்பு வணிக அளவில் சூடு பிடித்தது 1999-க்குப் பிறகுதான். அதற்குள் ஓர் இனம் குறைந்து இன்னொன்று கூடியிருந்தாலும், ஒற்றை வரிப் பதிவில் அது தெரியவே தெரியாது.

முதலில் நிறத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை மேல்மட்டத் தண்ணீரே உறிஞ்சிவிடுகிறது. 200, 300 மீட்டருக்குக் கீழே சிவப்பு உடம்பு கருப்பாகத்தான் தெரியும், அதாவது தெரியாது. அதனால்தான் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இறால்கள்கூட அங்கே சிவப்பாக இருக்கின்றன. ஓட்டில் உள்ள அஸ்டாசாந்தின் நிறமி ஐஸிலும் வெளிச்சத்திலும் வெளுக்கும், ஆல்கஹாலில் கரைந்தே போகும். இதோடு தலைப்பகுதியில் கரும்புள்ளியும் விழத் தொடங்கினால், இரண்டு நாள் கழித்துப் பார்க்கிறவருக்கு நிறம் எதையும் சொல்லாது.

இறாலைத் தலை இடப்பக்கம் இருக்கும்படி பிடித்து, வயிற்றுப் பகுதியின் பக்கவாட்டைப் பாருங்கள். ஒவ்வொரு வளையத்தின் ஓடும் இருபுறமும் தகடாகக் கீழே இறங்கும். இரண்டாம் வளையத்தின் தகடு முன்னால் உள்ள முதல் தகட்டின் மேலும், பின்னால் உள்ள மூன்றாவதின் மேலும், இரண்டு பக்கமும் ஏறி மூடியிருந்தால் அது காரிடியா, அதாவது முட்டையை வயிற்றடியில் சுமக்கும் கூட்டம். ஓடு வேய்ந்ததுபோல முதலாவது இரண்டாவதை மூட, இரண்டாவது மூன்றாவதை மூட, வரிசையாகப் போனால் அது பீனியஸ் கூட்டம், முட்டையைத் தண்ணீரில் விட்டுவிடுபவை. நாம் அன்றாடம் சந்தையில் வாங்கும் வெள்ளை இறாலும் வரி இறாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவை. வீட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

நூல்கள் பலவற்றில் கால் கிடுக்கிகளை எண்ணச் சொல்லியிருக்கும். முதல் மூன்று ஜோடி நடைக்கால்களிலும் கிடுக்கி இருந்தால் பீனியஸ் கூட்டம், மூன்றாம் ஜோடியில் இல்லாவிட்டால் காரிடியா. அடையாளம் சரியானதுதான். ஆனால் பல மணி நேரம் இழுபட்ட மடி வலையிலிருந்து வரும் இறாலில் கால்கள் முழுசாக இருப்பது அபூர்வம். பக்கத் தகடு அப்படி உதிர்வதில்லை. தலை கிள்ளிய இறாலில்கூட, ஓடு இருக்கும்வரை, இந்த ஒரு சோதனையைச் செய்ய முடியும்.

முட்டையும் கை கொடுக்கும். நீச்சல் கால்களுக்கு நடுவே கொத்தாக முட்டை ஒட்டியிருந்தால் அது காரிடியாதான், மறுபேச்சு இல்லை. பீனியஸ் கூட்டத்தில் சினை தலையோட்டுக்குள்ளும் முதுகோரமாகவும் இருக்கும், வெளியே ஒட்டாது.

இனி, நல்ல விலை போகும் அரிஸ்டியஸ் அல்காக்கி. வணிகத்தில் இதற்கு ‘ரெட் ரிங்’ என்று பெயர். வயிற்று வளையங்களின் பின்விளிம்பில் ஓடும் அடர்சிவப்புப் பட்டைகளால் வந்த பெயர் அது. புதிதாக வந்த இறாலில் அது அழகாகத் தெரியும், பழசானால் நம்ப முடியாது. இது பீனியஸ் கூட்டத்தைச் சேர்ந்தது, எனவே இரண்டாம் தகடு முதலாவதின் மேல் ஏறியிருக்காது. அடுத்து, தலையின் முன்னால் வாள்போல நீளும் கொம்பைப் பாருங்கள். மேல்விளிம்பில் மூன்றே பற்கள், அவையும் அடிப்பகுதியில், கண்ணை ஒட்டி. அதற்கு அப்பால் கொம்பு வழவழப்பாகப் போகும். கீழ்விளிம்பில் பல்லே கிடையாது. மீசைகளில், உள்பக்கச் சிறு மீசையின் மேல் இழை மிகக் குட்டையாக இருக்கும், கீழ் இழை நீளமாக ஓடும்.

அரிஸ்டியஸில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கொம்பு நீளம், முதிர்ந்த ஆணுக்குக் குட்டை. ஆண் உடம்பிலும் சிறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு இனம் என்றே தோன்றும், சிறியதை ‘வேறு ஏதோ’ என்று தனிக்கூடையில் போட்டுவிடுவார்கள். முதல் ஜோடி நீச்சல் கால்களின் நடுவே இணைந்த இலைபோன்ற உறுப்பு இருந்தால் ஆண். அது பெட்டாஸ்மா. பெண்ணுக்குக் கடைசி நடைக்கால்களின் அடியில், மார்புத் தட்டில், ஆணின் விந்தை ஏற்கும் தெலிக்கம் என்ற உறுப்பு இருக்கும். கொம்பின் நீளத்தைப் பற்றி முடிவு எடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

இதே சாயலில் அரிஸ்டியோமார்ஃபாவும் வரலாம். அதன் கொம்பில் மேற்பற்கள் மூன்றுக்கு அதிகம். தலையோட்டின் பக்கவாட்டில், கல்லீரல் இருக்கும் இடத்துக்கு மேலே, தனியாக ஒரு முள்ளும் நிற்கும். அரிஸ்டியஸில் அந்த முள் இல்லை. விரல்நுனியைப் பின்னிருந்து முன்னோக்காமல், முன்னிருந்து பின்னோக்கித் தடவினால் முள் தட்டுப்படும்.

காரிடியா பக்கம் வந்தால் கூடையில் நிறைய இருப்பவை ஹெட்டரோகார்பஸும் பிளெசியோனிகாவும். இரண்டும் பாண்டலிடே குடும்பம். தலையோட்டின் பக்கவாட்டில் நீளவாக்கில் கூர்மையான வரம்புகள் ஓடினால் ஹெட்டரோகார்பஸ். வரம்பில்லாமல் பக்கம் வழவழப்பாக இருந்தால் பிளெசியோனிகா. பார்க்கவே வேண்டாம், நகத்தைக் குறுக்கே இழுத்தால் தெரிந்துவிடும்.

ஹெட்டரோகார்பஸில் இரண்டைப் பிரிக்கத் தெரிந்திருந்தால் நம் கரைக்குப் பெரும்பாலும் போதும். மூன்றாம் வயிற்று வளையத்தின் முதுகைப் பாருங்கள். முதுகு வரம்பின் நடுவிலிருந்து நீளமான, கூரான முள் ஒன்று செங்குத்தாக எழுந்து நின்றால் அது ஹெட்டரோகார்பஸ் வுட்மேசனி. நடுவில் எதுவும் இல்லாமல், மூன்றாம், நான்காம் வளையங்களின் வரம்பு பின்முனையில் பல்லாகக் கூர்ந்து வால் பக்கம் சாய்ந்திருந்தால் அது ஹெட்டரோகார்பஸ் கிப்போசஸ். லத்தீனில் கிப்போசஸ் என்றால் கூன் விழுந்தது. முன்னதற்குப் பெயர் வைத்தவர் ஆல்காக், 1901-இல். ‘இன்வெஸ்டிகேட்டர்’ அளவைக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் போய் இந்தியக் கடல்களின் ஆழத்து உயிரினங்களை எழுதி வைத்தவர் அவர். அவர் பெயரைத்தான் 1938-இல் ரமதான் என்ற ஆய்வாளர் நம் ரெட் ரிங்குக்கு வைத்தார்.

வுட்மேசனியின் அந்த முள் ஐஸ் அடுக்கும்போது எளிதில் முறியும். ‘முள் இல்லை, எனவே கிப்போசஸ்’ என்று எழுதுவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. முறிந்த இடத்தில் அடிக்கட்டை நிச்சயம் இருக்கும், கைலென்ஸில் தெரியும். இல்லாததை வைத்து முடிவு எடுக்காதீர்கள், பின்முனைப் பற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கை வைக்கும்போது கவனம், கையுறையையும் துளைக்கும் கூர் அது.

பிளெசியோனிகாவில் எல்லாமே கொம்பின் பற்கள்தாம். மேல்விளிம்பு முழுவதும் நெருக்கமாக, சீப்புபோலப் பற்கள் இருந்தால் பிளெசியோனிகா குவாசிகிராண்டிஸ் இருக்கும் பக்கம் போங்கள். பற்கள் அடிப்பகுதியில் மட்டும் நின்று, மேல்விளிம்பின் மீதி வெறுமையாக ஓட, கீழ்விளிம்பில் மட்டும் நிறையப் பற்கள் இருந்தால் மார்ஷியா கூட்டம். பழைய இந்தியக் கட்டுரைகளில் ‘ஸ்பைனிபெஸ்’ என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நம் கரையில் அப்படிப் பதிவானது குவாசிகிராண்டிஸ்தான் என்று பின்னால் திருத்தப்பட்டது. சேஸ் என்ற ஆய்வாளர் அதைத் தனி இனமாக விவரித்தது 1985-இல்தான். அதற்கு முந்திய பட்டியலை அப்படியே நகலெடுக்கிற ஆய்வேடுகள் இன்னும் வருகின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாக. கொம்பு குட்டையாக, மீசையின் இரு இழைகளும் தட்டையாகி ஒன்றோடொன்று சேர்ந்து குழாய்போல ஆகியிருந்தால் சொலினோசெரா. ஆழத்தில் வருவது பெரும்பாலும் சொலினோசெரா ஹெக்ஸ்டி என்ற இனம். அந்தக் குழாய், சேற்றில் புதைந்திருக்கும்போது மூச்சுக்கான தண்ணீர் உள்ளே வரும் வழி. ஓட்டின் மேல் நுண்ணிய மயிர் படர்ந்து, ஆணின் பெட்டாஸ்மா இடவலம் சமமில்லாமல் கோணலாக இருந்தால் மெட்டாபீனியாப்சிஸ். மயிரில்லாமல் வழவழப்பாக, பெட்டாஸ்மாவும் சமமாக இருந்தால் பீனியாப்சிஸ்.

அளவு எடுக்கும்போது கொம்பு நுனியிலிருந்து வால்வரை மொத்த நீளம் எடுத்துவிட்டு, அதை மட்டும் எழுதி வைப்பது வீண்வேலை. பாதி இறால்களில் கொம்பு முறிந்திருக்கும். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து தலையோட்டின் பின்விளிம்பு நடுப்புள்ளிவரை வெர்னியரில் எடுங்கள், மில்லிமீட்டரில், ஒரு தசம இலக்கத்தோடு. ஆண், பெண், முட்டை சுமந்த பெண் என்று மூன்று நிரல்கள் தனித்தனியாக வேண்டும்.

சந்தேகமான மாதிரியை எடுத்து வைப்பதானால் ஐஸில் போடும் முன்பே பக்கவாட்டில் ஒரு படம், முதுகில் ஒரு படம், பக்கத்தில் அளவுகோலோடு. மரபணுச் சோதனைக்கு வலப்பக்க நீச்சல் கால் ஒன்றைக் கத்தரித்து 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். சதையைப்போலப் பத்து மடங்கு ஆல்கஹால் இருக்கட்டும், மறுநாள் மாற்றிவிடுங்கள். இடப்பக்கத்தைத் தொடாதீர்கள், வரைவதும் ஒப்பிடுவதும் அந்தப் பக்கத்தை வைத்துத்தான். உடலை, வணிக ஃபார்மலின் ஒரு பங்குக்குக் கடல்நீர் ஒன்பது பங்கு கலந்து அதில் வைத்து, சில நாள் கழித்து நன்றாக அலசி 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றலாம். ஃபார்மலினில் கொஞ்சம் போராக்ஸ் சேர்க்க மறக்கக் கூடாது. அமிலமானால் ஓடு மெத்தென்று ஆகி முட்களெல்லாம் வளைந்துவிடும். வரிசை மாறி, ஃபார்மலினில் போட்ட பிறகு சதை வெட்டினால் மரபணு சிதைந்திருக்கும்.

சீட்டை டிரேசிங் தாளில் பென்சிலால் எழுதி ஜாடிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய லேபிள் ஈரத்தில் உரிந்துவிடும். நாள், இடம், இழுத்த ஆழம், மடியின் வகை நான்கும் அதில் இருக்க வேண்டும். ஆழத்தைப் படகு ஓட்டியிடம் அன்றைக்கே கேட்டால்தான் கிடைக்கும். பேரினம் வரைதான் உறுதியாகத் தெரிகிறது என்றால் ‘ஹெட்டரோகார்பஸ், இனம் முடிவாகவில்லை, மூன்றாம் வளைய முள் முறிவு’ என்று எழுதுங்கள்.